மார்கரெட் ரிவர்: ஒரு தடவை தப்பாக, ஒரு தடவை சரியாக

மார்கரெட் ரிவருக்கு முதல் தடவை போனபோது அந்தப் பக்கம் நாங்கள் இருந்தது ஐந்து மணி நேரம், காருக்குள் இருந்தது எட்டு மணி நேரம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பெர்த்திலிருந்து தெற்கே 270 சொச்சம் கிலோமீட்டர், மூன்று மணி நேரம், அகலமான நல்ல சாலை. காலை ஏழுக்குக் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு என்று கணவர் கணக்குப் போட்டார். நானும் தலையாட்டினேன். கடல் பாலம், குகை, திராட்சைத் தோட்டம், கலங்கரை விளக்கம், குளிக்க ஒரு கடற்கரை என்று ஐந்து இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம்.

அது ஜனவரி, பள்ளி விடுமுறை. வழியில் இருக்கும் பஸ்ஸல்டன் ஊரில், கடல் பாலத்தின் மேல் ஓடும் ரயிலில் இடமில்லை. மதியம் இரண்டே முக்காலுக்கு ஒரு தோட்டத்து உணவகத்தின் வாசலில் போய் நின்றோம். சமையலறையை மூடிவிட்டோம், வேண்டுமானால் சீஸ் தட்டு தருகிறோம் என்றார்கள். சீஸைப் பார்த்ததும் பையன் அழ ஆரம்பித்தான். குகைக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய கடைசிக் குழு உள்ளே இறங்கிவிட்டிருந்தது. கலங்கரை விளக்கம் அங்கிருந்து இன்னும் தெற்கே என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பி வருகிற வழியில் பையன் காருக்குள் வாந்தி எடுத்தான். வீட்டுக்குள் நுழையும்போது மணி எட்டு. "இதுக்குப் பேரு சுற்றுலாவா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம்.

அதற்கு அடுத்த ஆண்டு மதுரையிலிருந்து அத்தை, அதாவது மாமியார், வந்திருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பியும் அதே சமயம் வந்தான். அவனுக்கு ஒயின் பைத்தியம். அத்தைக்கு முழங்கால் வலி. பையனுக்கு ஏழு வயது. நான் குடிப்பதில்லை. இத்தனை பேரையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு நாலு ராத்திரி தங்கியதில்தான் அந்த இடம் எனக்குப் பிடிபட்டது. இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டாவது பயணத்தில் தெரிந்துகொண்டவை.

முதலில் நில அமைப்பு. மார்கரெட் ரிவர் என்பது ஒரு சின்ன ஊரின் பெயர், ஓர் ஆற்றின் பெயர், ஒயின் உலகத்தில் ஒரு வட்டாரத்தின் பெயரும்கூட. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. வட்டாரம் என்று பார்த்தால் வடக்கே நேச்சுரலிஸ்ட் முனை, தெற்கே லூவின் முனை, நடுவில் நேர்க்கோடாக ஓடும் கடற்கரை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். நடந்தே கடப்பவர்களுக்கு 'கேப் டு கேப்' என்ற பாதை இருக்கிறது, அது சுமார் 125 கிலோமீட்டர். காரில் போகிறவர்களுக்கு ஏறக்குறைய இணையாக ஓடும் இரண்டு சாலைகள்: உள்பக்கமாக பஸ்ஸல் நெடுஞ்சாலை, கடலை ஒட்டிய காடு வழியாக கேவ்ஸ் ரோடு. பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி கேவ்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் கிளைச் சாலைகளின் முடிவில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கிளைக்குள்ளும் போய்விட்டு, வந்த வழியே திரும்பி வர வேண்டும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது பக்கத்தில் இல்லாமல் போவது இதனால்தான்.

ஆகவே இந்த முறை நடுவில் வீடு எடுத்தோம். ஒரு நாள் வடக்கு, ஒரு நாள் தெற்கு, ஒரு நாள் தோட்டங்கள். ஒரே நாளில் இரண்டு திசையும் கிடையாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வீடு கவராமப் என்ற ஊரில். தெருவெங்கும் முழு அளவு மாட்டுப் பொம்மைகள் நிற்கின்றன, கறுப்பு வெள்ளைப் பசுக்கள். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகளே 'பசு' என்று வருவதால் 2012இல் வேடிக்கையாகக் கொண்டுவந்து வைத்தார்களாம். உண்மையில் அந்தப் பெயருக்கும் மாட்டுக்கும் சம்பந்தமில்லை, அது ஒரு சிறு கிளியின் பெயரிலிருந்து வந்தது. யாலிங்கப், போரனப், நாரபப், மீலப் என்று இந்தப் பக்கம் பல ஊர்கள் 'அப்' என்று முடிகின்றன. மண்ணின் மக்களான நூங்கர்களின் மொழியில் அது இடத்தைக் குறிக்கும் சொல். நம் பாக்கம், பட்டி மாதிரி என்று அத்தைக்குச் சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் அவரே சத்தமாக எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

போகும் வழியிலேயே பஸ்ஸல்டன் பாலத்தை முடித்துக்கொண்டோம். இது நல்ல யோசனை என்று இப்போதும் நினைக்கிறேன். பெர்த்திலிருந்து வருகிறவர்கள் எப்படியும் அந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும், தங்கிய பிறகு இதற்காக மறுபடியும் வடக்கே வருவது வீண். கடலுக்குள் 1,841 மீட்டர் நீளும் மரத்தூண் பாலம், தெற்கு அரைக்கோளத்தில் இந்த வகையில் மிக நீளமானது. 1865இல் திறந்தபோது இவ்வளவு நீளம் இல்லை. கடல் ஆழமில்லாததாலும் கரையோரம் மணல் சேர்ந்துகொண்டே போனதாலும் கப்பல் வந்து நிற்பதற்காக ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் கப்பல் வருவது நின்றது. 1978இல் ஆல்பி புயல் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. பிறகு ஊர்க்காரர்கள் விடாமல் நிதி திரட்டி, அரசும் பணம் போட்டு, 27 மில்லியன் டாலர் செலவில் புதுப்பித்து 2011இல் மறுபடி திறந்தார்கள்.

பாலத்தின் கோடியில் கடலடிக் கண்காணிப்பகம் ஒன்று இருக்கிறது. சுழல்படியில் எட்டு மீட்டர் கீழே இறங்கினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலத்தின் தூண்கள், அவற்றின் மேல் ஆரஞ்சும் ஊதாவுமாக மென்பவளம், அதற்குள் நுழைந்து நுழைந்து வரும் மீன்கள். இவ்வளவு தெற்கே பவளம் வளர்வதற்குக் காரணம் லூவின் நீரோட்டம். வெப்பமண்டலக் கடலிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கரையோரமாகத் தெற்கே கொண்டுவருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திராட்சையைப் பற்றிச் சொல்லும்போது மறுபடி வருவேன். சிவப்பு ரயிலுக்கும் கண்காணிப்பகத்துக்கும் இந்தத் தடவை இரண்டு வாரம் முன்பே பதிவு செய்திருந்தோம். நடந்தும் போகலாம்தான். போக வர மூன்றரை கிலோமீட்டருக்கு மேல், நிழல் கிடையாது, பிற்பகலில் கடற்காற்று முகத்தில் அறையும். காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

வடக்கு நாளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எல்லாம் சுலபமாக நடந்தது, அதனால் சொல்ல ஒன்றுமில்லை. நேச்சுரலிஸ்ட் முனையிலிருந்து சிறிது நடந்தால் திமிங்கிலம் பார்க்கும் மேடை. நாங்கள் போனது அக்டோபர் தொடக்கம். குளிர்காலத்தில் வடக்கே போய் ஈன்ற கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டிகளுடன் தெற்கே திரும்பும் பருவம், போகிற வழியில் ஜியோகிராஃப் விரிகுடாவில் இளைப்பாறும். அரை மணி நேரம் எதுவும் தெரியவில்லை. கிளம்பலாம் என்று எழுந்தபோது தூரத்தில் நீர்த்தூள் பீறிட்டது, பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. அத்தைக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை. பைனாகுலர் எடுத்துப் போயிருக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் தெற்கே ஆகஸ்டா பக்கம் பார்க்கலாம். செப்டம்பர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடக்கே டன்ஸ்பரோ பக்கம். எந்த மாதம் எந்த முனை என்று தெரிந்து போனால் ஏமாற்றம் குறையும்.

அப்புறம் சுகர்லோஃப் பாறை, கனால் ராக்ஸ், டன்ஸ்பரோவில் அறுபது வகை இருக்கிறது என்று பெயர்பெற்ற ஐஸ்கிரீம் கடை. அந்தக் கடையில் பையன் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் திமிங்கிலத்துக்குக் காத்திருந்த நேரத்தைவிட அதிகம்.

கனால் ராக்ஸில் ஒன்று மட்டும். பாறைகளுக்கு நடுவே கால்வாய் மாதிரி கடல் புகுந்து ஓடும், மேலே சின்ன நடைபாலம் உண்டு, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இந்தக் கரையில் கடல் அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஒரு பேரலை எழுந்து பாறைமேல் நிற்பவரை இழுத்துவிடும். ஈரமாக இருக்கும் பாறை என்றால் அலை அதுவரை வருகிறது என்று அர்த்தம். செல்ஃபி எடுக்கக் கீழே இறங்கப் போன தம்பியைத் திட்டித்தான் மேலே வரவழைத்தேன். அதேபோல் கடற்கரையில் நிழல் தேடிச் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் உட்காரக் கூடாது. 1996இல் கிரேஸ்டவுனில் அப்படி ஒரு பாறை சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். எச்சரிக்கைப் பலகை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

தெற்கு நாளில்தான் நான் சொதப்பினேன்.

இந்த வட்டாரத்தின் மேற்கு விளிம்பு முழுவதும் காற்று அடித்துக் குவித்த கடல்மணல், சுண்ணாம்பாக இறுகியது. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே நூற்றுக்கணக்கான குகைகளைக் குடைந்திருக்கிறது. பொதுமக்கள் பார்க்க வசதி செய்திருப்பவற்றில் முக்கியமானவை நான்கு: வடக்கே யாலிங்கப்பில் நில்கி, நடுவில் மாமத், லேக், தெற்கே ஆகஸ்டாவுக்குப் பக்கத்தில் ஜுவெல். நான் லேக் குகைக்கு ஐந்து பேருக்கும் டிக்கெட் வாங்கிவிட்டேன், படத்தில் அழகாக இருந்ததால். அங்கே போன பிறகுதான் படிகளைப் பற்றிய பலகையைப் படித்தேன். முந்நூறுக்கும் மேல். இறங்கினால் ஏறி வந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது.

அத்தை பலகையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் இங்கன உக்காந்திருக்கேன்" என்றார். கணவர் துணைக்கு இருந்துகொண்டார். எனக்கு இறங்கும்போது மனசே இல்லை. ஆனால் நுழைவாயிலே ஒரு பெரிய பள்ளம், நிலம் உள்வாங்கி உண்டானது, அதற்குள்ளிருந்து உயரமான காரி மரங்கள் எழுந்து நிற்கின்றன. மேலே தளத்திலிருந்து பார்த்தாலே அதெல்லாம் தெரியும். அத்தை அங்கேயே பறவைகளைப் பார்த்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறார். உள்ளே ஓர் ஆழமில்லாத ஏரி, அசைவே இல்லாத தண்ணீர். அதன்மேல் கூரையிலிருந்து தொங்கும் மேசை மாதிரி ஒரு சுண்ணாம்புப் படிவம், ஐந்து டன்னுக்கும் மேல் எடை என்கிறார்கள். ஒரு காலத்தில் தரையில் ஊன்றி நின்றதாம். அடியிலிருந்த தரையைத் தண்ணீர் அரித்துப்போக, மேசை மட்டும் அந்தரத்தில் நின்றுவிட்டது.

அத்தையை முதலிலேயே அழைத்துப் போயிருக்க வேண்டியது அடுத்ததாக நாங்கள் எல்லாரும் போன மாமத் குகைக்கு. அங்கே முதல் அறைக்குச் சக்கர நாற்காலியில்கூடப் போகலாம். மரப் பலகைப் பாதை, காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக் கருவி, அவரவர் வேகத்தில் நடக்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். சுவரில் அழிந்துபோன ஒரு பெரிய விலங்கின் தாடை எலும்பு பதிந்திருக்கிறது. ஜைகோமாட்டுரஸ் என்று பெயர், காளை மாட்டளவு உடம்பு, வயிற்றில் பையுள்ள இனம். "இதுக்கும் பையிலதான் குட்டியா?" என்று கேட்டு அத்தை அந்த எலும்பை விட்டு நகரவே இல்லை. இந்தக் குகைகளில் எதற்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, படிகளின் எண்ணிக்கை. கூரையிலிருந்து மெல்லிய குழல் மாதிரி தொங்கும் 'ஸ்ட்ரா' படிவம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜுவெலுக்குப் போகலாம், ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒன்று அங்கே தொங்குகிறது. எங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குகையே அதிகம். மூன்றாவதில் கண் பழகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

மதியச் சாப்பாடு போரனப் காட்டில், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரை. கேவ்ஸ் ரோடு ஒரு வளைவில் திரும்பியதும் இரண்டு பக்கமும் வெளிறிய தூண்கள் மாதிரி காரி மரங்கள், சில அறுபது மீட்டர் உயரம் வரை. காரி ஆண்டுதோறும் பட்டை உரிக்கும், அடியில் புதுத்தோல் பால் வெள்ளையிலிருந்து இளஞ்சிவப்பு வரை நிறம் மாறித் தெரியும். பார்த்தால் ஆதிகாலத்துக் காடு என்றே தோன்றும். அப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதை மொட்டையாக வெட்டி, இங்கிலாந்து வரை ஏற்றுமதி செய்தார்கள். லண்டன் தெருக்களில் தளக்கட்டையாகக்கூட இந்த மண்ணின் மரங்கள் போயிருக்கின்றன. இப்போது நிற்பது அதற்கப்புறம் தானாக முளைத்து வந்தது.

மரம் கப்பலேறிய இடம் ஹாமெலின் பே. பழைய துறைப் பாலத்தின் எச்சமாகச் சில மரத்தூண்கள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றன. இப்போது அங்கே எல்லாரும் போவது திருக்கை மீன்களுக்காக. கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றால், சாப்பாட்டு மேசை அகலத்துக்குக் கறுப்பு நிழல் ஒன்று மணலைத் தடவிக்கொண்டு வந்து காலுக்குப் பக்கத்தில் திரும்பிப் போகும். தொடக் கூடாது, தீனி போடக் கூடாது, வாலில் முள் இருக்கிறது. அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். காற்று எழும்பாத நேரத்தில் தண்ணீர் தெளிவாக இருக்கும். எங்களுக்கு வந்தது மூன்று. அத்தை சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, பேரன் கையைப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் தண்ணீரிலேயே நின்றார். குகையில் நான் செய்த தப்பு அங்கே கழிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

லூவின் முனைக்குப் போனபோது மணி நாலரை. 1622இல் இந்தக் கரையைக் கண்ட டச்சுக் கப்பலின் பெயர்தான் இந்த முனைக்கு. லூவின் என்றால் பெண் சிங்கம். இந்தியப் பெருங்கடலும் தெற்குப் பெருங்கடலும் சேரும் இடம் என்று ஆஸ்திரேலியர்கள் இதைச் சொல்கிறார்கள். இரண்டு கடலுக்கும் நிறம் வேறாகத் தெரிகிறதா என்று பையன் ரொம்ப நேரம் தேடினான். 39 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம், 1890களின் நடுவில் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லில் கட்டியது. காற்று ஆளைத் தள்ளும், எந்த மாதமானாலும் ஸ்வெட்டர் வேண்டும். பலர் கவனிக்காமல் போவது பக்கத்தில் இருக்கும் பழைய நீர்ச்சக்கரம். விளக்கம் கட்டும்போது தண்ணீருக்காக வைத்த மரச்சக்கரம். ஊற்றுநீரில் இருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து இப்போது முழுக்கக் கல்லாகிக் கிடக்கிறது. காலையில் குகையில் பார்த்த அதே வேலை, நூறு சொச்சம் வருஷத்தில்.

அங்கே அதிகம் நின்றதுதான் அடுத்த தப்பு. இருட்டத் தொடங்கும் நேரத்தில் கேவ்ஸ் ரோட்டில் திரும்பி வந்தோம். ஒரு வளைவு தாண்டியதும் சாலை நடுவில் கங்காரு. நான் ஒடிக்காமல் நேராகப் பிரேக்கை அழுத்தினேன், பெல்ட் எல்லாரையும் இழுத்துப் பிடித்தது. அது நின்று எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது. மூச்சு விட்டு வண்டியை எடுக்கப் போனபோது பின்னாலேயே இரண்டாவது. ஒன்று போனால் இன்னொன்று வரும் என்று இங்கே ஓட்டுகிறவர்கள் சொல்வது சும்மா இல்லை. ஒடித்துத் திருப்பினால் மரத்தில்தான் போய் மோதுவோம். பொழுது சாய்வதற்கு முன் தங்கும் இடத்துக்குத் திரும்பிவிடுவதே சரி. இன்னொன்று, அந்தக் காட்டுச் சாலையில் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை தோட்டங்களுக்கு. காலையில் மார்கரெட் ரிவர் ஊரில் உழவர் சந்தை, அங்கே ரொட்டியும் பழமும் வாங்கி எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். வெறும் வயிற்றில் ஒயின் ருசி பார்க்கப் போகக் கூடாது என்பது தம்பியின் முதல் விதி.

தோட்டத்திலேயே ஒயினை ருசிக்கக் கொடுத்து விற்கும் இடத்துக்கு இங்கே 'செல்லார் டோர்' என்று பெயர். பெரும்பாலும் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை. பல இடங்களில் ருசி பார்க்கக் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் சில இடங்களில் அதைக் கழித்துக்கொள்வார்கள். கூட்டமாகப் போனால் முன்பதிவு அவசியம். நாங்கள் மூன்று தோட்டங்களோடு நிறுத்திக்கொண்டோம். தம்பி ஆறு எழுதி வைத்திருந்தான். நான் கணக்குச் சொல்லி மூன்றாக்கினேன்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு ருசியும் சுமார் 30 மில்லி. ஓர் இடத்தில் ஆறு வகை கொடுத்தால் 180 மில்லி. 13 சதவீத ஒயின் 100 மில்லி என்பது ஆஸ்திரேலியக் கணக்கில் ஏறக்குறைய ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்', அதாவது பத்து கிராம் ஆல்கஹால். ஆகவே ஓர் இடத்திலேயே இரண்டுக்குப் பக்கம், மூன்று இடத்தில் ஐந்துக்கு மேல். வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் 0.05 சதவீதத்தைத் தொடக் கூடாது, கற்றுக்கொள்ளும் ஓட்டுநருக்கும் புது ஓட்டுநருக்கும் பூஜ்யம். காவல்துறை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லும். "கொஞ்சம்தானே" என்ற வார்த்தைக்கு இந்தச் சாலையில் இடமில்லை. எங்கள் காரில் ஓட்டுநர் நான் என்பதால் பிரச்சினை இல்லை. குடிக்காதவர் யாருமில்லாத குழு என்றால், அழைத்துப்போய் விடும் சுற்றுலா வண்டிகள் நிறைய இருக்கின்றன, அந்தக் காசு செலவழிக்க வேண்டிய காசுதான்.

துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, விவரம் தெரிந்தவர்கள் துப்பத்தான் செய்வார்கள். தம்பி வாயில் ஊற்றிக் கொப்பளித்து, கண்ணை மூடி யோசித்து, நாசூக்காகத் துப்பினான். அத்தை பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை கேட்டேவிட்டார்: "ஏம்ப்பா, காசக் குடுத்து வாங்கி எதுக்குத் துப்புற?" பரிமாறிய பெண்ணுக்கு மொழி புரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. சிரித்தபடி அத்தைக்கு ஒரு கண்ணாடிக் குவளையில் திராட்சைச் சாறு கொண்டுவந்து வைத்தார்.

முதலில் போனது வாஸ் ஃபீலிக்ஸ். இந்த வட்டாரத்தின் முதல் வணிகத் தோட்டம், 1967இல் டாம் கல்லிட்டி என்ற இதய மருத்துவர் நட்டது. அதற்கு முன் இது பால் மாடும் மரம் அறுப்பும் நடந்த பகுதி. ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி 1965, 66இல் எழுதிய கட்டுரைகளில், இந்தப் பகுதியின் தட்பவெப்பம் பிரான்ஸின் போர்டோவை ஒத்தது, நல்ல ஒயின் வரும் என்று சொன்னார். மழை முக்கால்வாசி குளிர்காலத்தில் பெய்துவிடும், பழம் பழுக்கும்போது வறண்டிருக்கும். மூன்று பக்கமும் கடல், அதோடு நான் முன்பு சொன்ன வெதுவெதுப்பான நீரோட்டம். கடுங்குளிரும் இல்லை, கொடும் வெயிலும் இல்லை. மார்ரி என்ற உள்ளூர் மரம் வளர்கிற சரளைமண் பார்த்து நடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். மாஸ் வுட், கல்லன் என்று அடுத்தடுத்து வந்த தோட்டங்களை ஆரம்பித்ததும் மருத்துவர்களே. அவர்களுக்கு என்ன ஆயிற்றோ, எல்லாரும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிட்டு மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறார்கள்.

தோட்டத்துச் சின்னத்தில் ஒரு வல்லூறு இருக்கும். பழத்தைத் தின்ன வரும் குருவிகளை விரட்ட கல்லிட்டி பழக்கிய வல்லூறு ஒன்றைக் கொண்டுவந்தாராம். திறந்துவிட்டதும் அது பறந்தே போய்விட்டது. இப்போது வலை போடுகிறார்கள். ஆனால் உண்மையான காவல் அதே மார்ரி மரம்தான். பழம் பழுக்கும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மார்ரி நன்றாகப் பூத்தால் வெள்ளிக்கண் குருவிகள் தேன் குடிக்க அங்கே போய்விடும்; பூ குறைந்த ஆண்டில் திராட்சைக்கு வரும். இந்தக் கதைக்காகவே நான் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கலாம். குடிக்காதவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: கேட்டால் சொல்வார்கள், கேளுங்கள்.

அத்தை திராட்சை எங்கே என்று தேடினார். அக்டோபரில் கொடியில் துளிர்தான் இருக்கும். குலையைப் பார்க்க ஆசை என்றால் ஜனவரிக்கு அப்புறம் போக வேண்டும், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை. நாங்கள் போன வசந்த காலத்தில் திராட்சை இல்லை, அதற்குப் பதில் சாலையோரம் முழுக்கக் காட்டுப்பூ.

தம்பி ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின் ஒன்றும் கேபர்னே சாவிஞ்ஞோன் என்ற சிவப்பு ஒயின் இரண்டும் வாங்கினான். இந்த வட்டாரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை அந்த இரண்டு வகையும்தான். கணவர் விலையைப் பார்த்துவிட்டு ஒரு ஜாம் பாட்டில் வாங்கினார். வாங்கிய பாட்டில்களை வெயிலில் நிற்கும் காருக்குள் விடக் கூடாது, சூட்டில் கெட்டுப்போகும் என்று ஐஸ் பெட்டியை எடுத்துவரச் சொல்லியிருந்தான். அதில் ஏற்கனவே அத்தையின் தயிர் இருந்தது. இரண்டும் ஒன்றாகப் பயணம் செய்தன.

மதிய உணவுக்கு லூவின் எஸ்டேட். 1985இல் லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வரவழைத்து முதல் கச்சேரி நடத்திய பெரிய புல்வெளி அங்கேதான் இருக்கிறது, பையன் ஓடித் திரிய இடம் போதும். பன்னிரண்டரைக்கே பதிவு செய்து, ஒருவர் சைவம், முட்டையும் கிடையாது என்று முன்கூட்டியே எழுதியிருந்தேன். முதல் பயணத்துச் சீஸ் தட்டு கற்றுக்கொடுத்த பாடம் அது. சைவம் என்று அங்கே போய்ச் சொன்னால் சாலட்தான் வரும். முன்பே சொன்னால் யோசித்துச் சமைப்பார்கள்.

மூன்றாவது தோட்டத்தில் நான் காரிலேயே தூங்கிவிட்டேன். அது எது என்றுகூட நினைவில்லை. திரும்பும் வழியில் சாக்லேட் கடை ஒன்றில், கிண்ணத்தில் வைத்திருக்கும் சாக்லேட்டை எடுத்து இலவசமாக ருசி பார்க்கலாம். பையன் மூன்று தடவை வரிசையில் நின்றான். அவன் துப்பவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெட்டிகளை ஏற்றி, வடக்கே பெர்த்துக்கு வண்டியைத் திருப்பும்போது அத்தை கேட்டார், "அந்தத் திருக்கை இருக்குற எடம் எந்தப் பக்கம்?" எதிர்ப்பக்கம், தெற்கே, முக்கால் மணி நேரம் என்றேன். "சரி சரி, சும்மாதான் கேட்டேன்" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். ஒரே நாளில் இரண்டு திசை கிடையாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியவள் நான்.

இண்டிகேட்டரை மாற்றிப் போட்டேன். அன்றைக்கு ஐந்து திருக்கைகள் வந்தன.